7 மி.மீ. நெறிகட்டி, நானோ எம்ஆர்ஐ: அப்பாவ நெதர்லாந்து வரைக்கும் கூட்டிட்டு போகணுமா?

கேள்வி: டாக்டர் வணக்கம். அப்பாவுக்கு 67 வயசு, சுகர் இருக்கு, கிட்னி டெஸ்ட் கிரியாட்டினின் 1.6. பிஎஸ்ஏங்கற பிராஸ்டேட் ரத்த டெஸ்ட் 24 வந்து பயாப்ஸி எடுத்ததுல பிராஸ்டேட் கேன்சர், அதோட வீரியத்த சொல்ற கிளீசன் மார்க் 4+3ன்னு சொல்லிட்டாங்க. எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல இடுப்புக்குள்ள வலது பக்கம் 7 மி.மீ.ல ஒரு நெறிகட்டி இருக்கு, கேன்சரா இல்லையான்னு உறுதியா சொல்ல முடியலன்னு போட்டிருக்கு. அடுத்த வாரம் ஹார்மோன் ஊசி ஆரம்பிக்கலாம்ங்கறாங்க. நெதர்லாந்துல இருக்கற சித்தி பையன், அங்க நானோ எம்ஆர்ஐ எடுத்தா தெரிஞ்சிடும்ங்கறான். கடன் வாங்கியாவது போகலாமா? இல்ல இங்கயே அயர்ன் டிரிப் ஏத்திட்டு எம்ஆர்ஐ எடுத்தா அதே மாதிரி வருமா? எங்க அத்தைக்கு மார்பக ஆபரேஷன்ல ஊதா மருந்து போட்டாங்களே, அதுவும் இதுதானா?

பதில்: வணக்கம் தம்பி. கடன் வாங்கற யோசனைய இப்போதைக்கு ஒதுக்கி வைங்க. அப்பாவுக்கு இப்ப தேவைப்படற டெஸ்ட் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன், அது சென்னை, வேலூர், கோயம்புத்தூர்லயே இருக்கு, முடிஞ்சா அந்த ஹார்மோன் ஊசி போடறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க. ஏன் முன்னாடிங்கறத கீழ சொல்றேன்.

ஆனா உங்க சித்தி பையன் சொன்னது புரளி இல்ல, நல்ல அடிப்படை உள்ள விஷயம்தான், அதனால கொஞ்சம் விவரமாவே எழுதறேன்.

சாதாரண எம்ஆர்ஐயும் சிடியும் நெறிகட்டியோட சைஸத்தான் முக்கியமா பாக்குது. இடுப்புக்குள்ள உருண்டையா இருந்தா 8 மி.மீ., நீளவாக்குல இருந்தா குறுக்களவு 10 மி.மீ., இத தாண்டினாதான் சந்தேகம்னு எழுதுவாங்க. பானையோட சைஸ வச்சு உள்ள சோறு இருக்கா இல்லையான்னு சொல்ல முடியாதுல்ல, அதே கதைதான். எப்பவோ வந்த இன்ஃபெக்‌ஷன்ல நெறி கட்டி அப்படியே பெருசா நிக்கறதும் உண்டு, 5 மி.மீ. முடிச்சுக்குள்ள கேன்சர் செல் உக்காந்திருக்கறதும் உண்டு. அதனால உங்க ரேடியாலஜிஸ்ட் உறுதியா சொல்ல முடியலன்னு எழுதினத தயவுசெஞ்சு அலட்சியம்னு நினைக்காதீங்க, அந்தப் படத்துல அவ்ளோதான் தெரியும், தெரியாதத தெரியாதுன்னு எழுதியிருக்காங்க.

இப்ப நானோ மருந்துக்கு வருவோம். எம்ஆர்ஐக்கு வழக்கமா போடற கடோலினியம் ரொம்ப சின்ன மூலக்கூறு, ரத்தக்குழாய்ல இருந்து சட்டுனு எல்லா திசுவுக்குள்ளயும் கசிஞ்சு சில மணி நேரத்துல கிட்னி வழியா வெளிய போயிடும், நல்ல முடிச்சு கெட்ட முடிச்சுன்னு அதுக்கு வித்தியாசம் தெரியாது. 100 நானோமீட்டருக்கு மேல பெரிய துகளா போட்டா கல்லீரலும் மண்ணீரலும் சீக்கிரமே புடிச்சு வச்சுக்கும். இதுக்கு நடுவுல 30 நானோமீட்டர் வாக்குல இரும்பு ஆக்சைடு துகள் மேல டெக்ஸ்ட்ரான்ங்கற சர்க்கரைப் பூச்சு போட்டு செஞ்சாங்க, பேரு ஃபெருமாக்ஸ்ட்ரான். ரத்த சிவப்பணுவோட அகலத்துல 200ல ஒரு பங்குகூட வராது. இது ஒரு நாளைக்கு மேல ரத்தத்துலயே சுத்திட்டு இருக்கும், மெல்ல மெல்ல கசிஞ்சு நிணநீர்ல சேந்து நெறிகட்டிக்குள்ள போகும், அங்க இருக்கற மேக்ரோபேஜ்ங்கற பாதுகாப்பு செல்லுங்க இத விழுங்கிடும். அதனாலதான் இன்னிக்கு டிரிப்ல மெதுவா ஏத்திட்டு, 24 மணி நேரம் கழிச்சு, அதாவது மறுநாள் ஸ்கேன் எடுக்கறாங்க. இரும்பு நிறைஞ்ச நல்ல முடிச்சு படத்துல கருப்பா தெரியும். கேன்சர் புடிச்ச இடத்துல மேக்ரோபேஜ் இருக்காது, இரும்பும் சேராது, அந்த இடம் மட்டும் வெளுப்பா நிக்கும். முடிச்சு பெருசா சின்னதாங்கற கேள்வியே இங்க பின்னாடி போயிடுது.

2003ல இதப் பத்தி வந்த ஆய்வுல பிராஸ்டேட் கேன்சர் இருந்த 80 பேர பாத்தாங்க. அதுல 33 பேருக்கு நெறிகட்டிக்கு பரவியிருந்துச்சு, மொத்தம் 63 முடிச்சு, அதுல 45 முடிச்சு வழக்கமான அளவுகோல்படி சந்தேகப்படற லிஸ்ட்லயே வராது. முடிச்சு முடிச்சா கணக்கு பாத்தா சாதாரண எம்ஆர்ஐ 35.4 சதவீதம் கண்டுபுடிச்சுது, நானோ துகளோட எடுத்தது 90.5 சதவீதம். இவ்ளோ நல்ல ரிசல்ட் வந்தும் மருந்து கடைக்கு வரல. 2005ல அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்கற எஃப்டிஏவோட ஆலோசனைக் குழு பரவலான உபயோகத்துக்கு சான்று போதலன்னு சொல்லிடுச்சு, 2007ல ஐரோப்பாவுல கம்பெனியே விண்ணப்பத்த வாபஸ் வாங்கிடுச்சு. அதுக்கப்புறம் நெதர்லாந்துல நைமேகன் ஊர்ல இருக்கற ராட்பவுட் பல்கலைக்கழக மருத்துவமனையில யெல்லா பேரன்ட்ஸ்ங்கற ரேடியாலஜி பேராசிரியரோட குழு அத விடாம மறுபடி உயிர்ப்பிச்சாங்க. உங்க சித்தி பையன் கேள்விப்பட்டது அதத்தான். நல்ல மருந்து ஒண்ணு இத்தன வருஷம் இப்படி நடுவழியில நின்னது எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான்.

அதுலயும் குறை இருக்கு. பழைய தழும்பு, கொழுப்பு சேந்த முடிச்சு இதெல்லாம் வெளுப்பா தெரிஞ்சு கேன்சர் மாதிரி ஏமாத்தும், நிறைய பாத்துப் பழகின கண்ணு வேணும். வேகமா ஏத்தினா முதுகுவலி, அலர்ஜி வரலாம். உடம்புல இரும்பு அதிகமா சேர்ற வியாதி இருக்கறவங்களுக்கு ஆகாது.

அயர்ன் டிரிப் விஷயம்: வேண்டாம். ரத்தசோகைக்கு நம்ம ஊர்ல ஏத்தற அயர்ன் சுக்ரோஸ் மாதிரி மருந்துல இருக்கற இரும்பு இந்த வகை காந்தத் துகள் இல்ல, ஏத்திட்டு எம்ஆர்ஐ எடுத்தா இந்தப் படம் வராது. ஃபெருமாக்ஸிடால்னு ஒரு ரத்தசோகை மருந்து மட்டும் இந்த ஜாதி, 2009ல அமெரிக்காவுல அனுமதி வாங்கினது, சில வெளிநாட்டு சென்டர்ல ஸ்கேனுக்கும் போடறாங்க, ஆனா கடுமையான அலர்ஜி வந்ததால 2015ல எஃப்டிஏ அதுக்கு பெரிய எச்சரிக்கையே போட்டுச்சு. நாமளா கேட்டு வாங்கி ஏத்திக்கற மருந்து இல்ல.

சரி, பிஎஸ்எம்ஏ பெட். இது சைஸயும் பாக்காது மேக்ரோபேஜயும் பாக்காது, பிராஸ்டேட் கேன்சர் செல் மேல அதிகமா இருக்கற ஒரு புரதத்துல போய் ஒட்டிக்கும். 2020ல ஆஸ்திரேலியாவுல 302 பேர வச்சு வந்த ஆய்வுல சிடியும் எலும்பு ஸ்கேனும் சேத்து 65 சதவீதம் சரியா சொல்லுச்சு, இது 92. எலும்பையும் சேத்து தலையில இருந்து தொடை வரைக்கும் ஒரே தடவையில பாத்துடலாம், அப்பாவோட பிஎஸ்ஏ 20 தாண்டினதால அதுவும் தேவைதான். ஹார்மோன் ஊசி போட்டா அந்த புரதத்தோட அளவே மாறும், கட்டியும் சுருங்கும், அப்புறம் படத்த நம்பி முடிவு எடுக்கறது கஷ்டம், அதான் முன்னாடி எடுங்கன்னேன். அப்பாயின்ட்மென்ட் நேரத்துக்கு கரெக்டா போங்க, இந்த ஸ்கேனுக்கு போடற காலியம்ங்கற கதிரியக்க மருந்து 68 நிமிஷத்துல பாதியா குறைஞ்சிடும், உங்களுக்காக எடுத்து வைக்க முடியாது. கிட்னி விஷயத்த முன்கூட்டியே சொல்லிடுங்க, கூட எடுக்கற சிடிய அயோடின் கான்ட்ராஸ்ட் போடாமலும் எடுக்கலாம்.

ஒண்ணு மனசுல வச்சுக்குங்க, அந்த முடிச்சு பெட்ல பளிச்சுனு எரிஞ்சா பெரும்பாலும் கேன்சர்தான், ஆனா எரியலன்னா பரவலன்னு அர்த்தம் இல்ல. ஆபரேஷன்ல எடுத்த முடிச்சோட ஒப்பிட்டுப் பாத்த ஒரு பெரிய ஆய்வுல, இடுப்பு நெறிகட்டிக்கு பரவினவங்கள்ல 40 சதவீதம் பேர்தான் இந்த ஸ்கேன்ல மாட்டினாங்க, மாட்டாதது பெரும்பாலும் பொடி பொடியா இருந்தது. இந்த பொடிசுங்கள பாக்கறதுக்குத்தான் நானோ எம்ஆர்ஐ மேல இன்னும் ஆசை வச்சிருக்கோம். ஆனா அப்பா மாதிரி ஹை ரிஸ்க் ஆளுக்கு ஸ்கேன் சுத்தமா வந்தாலும் இடுப்புக்கும் சேத்து ரேடியேஷன் குடுக்கணுமா, ஆபரேஷன்னா நெறிகட்டிகளயும் சேத்து எடுக்கணுமான்னு டாக்டர் எப்படியும் யோசிப்பாங்க. அதனால நெதர்லாந்து போய் எடுத்துட்டு வர்ற படம் சிகிச்சைய மாத்தற வாய்ப்பு கம்மி, அலைச்சலும் தாமதமும்தான் நிச்சயம்.

முடிச்சுல கேன்சர்னு தெரிஞ்சாலும் கைவிட்ட கேஸ் இல்ல. இடுப்புக்கு ரேடியேஷன், ரெண்டு மூணு வருஷம் ஹார்மோன் ஊசி, கூட ரெண்டு வருஷம் அபிராட்டிரோன் மாத்திரைன்னு போவாங்க, நல்லா கேக்கற சிகிச்சை. அந்த மாத்திரையோட ஸ்டீராய்டும் குடுப்பாங்க, சுகர் ஏறும், பிபி ஏறும், அதுக்கு இப்பவே சுகர் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க.

அத்தைக்கு போட்டது வேற. மார்பகத்துல நீங்க ஊதான்னு சொன்ன நீல சாயத்த போட்டு, அது அக்குள்ல முதல்ல எந்த முடிச்சுக்கு போய் சேருதுன்னு பாத்து அத மட்டும் எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க. அது வழி காட்டும், அவ்ளோதான், உள்ள கேன்சர் இருக்கான்னு அந்த சாயம் சொல்லாது. அதே வேலைக்கு 60 நானோமீட்டர் இரும்புத் துகளும் இருக்கு, 2018ல அமெரிக்காவுல அனுமதி வாங்கினது, காந்தக் கருவிய வச்சு தேடுவாங்க. தோல்ல பழுப்பு கறை மாசக்கணக்குல நிக்கும், அப்புறம் மார்பக எம்ஆர்ஐ எடுத்தா படத்த கெடுக்கும், அதனால அது போட்டவங்க ஸ்கேனுக்கு முன்னாடி சொல்லிடணும்.

உங்க டாக்டர்கிட்ட, ஊசிக்கு முன்னாடி பிஎஸ்எம்ஏ பெட் எடுத்துட்டு வரலாமான்னு நேரடியாவே கேளுங்க, இந்த கேள்விய யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. சில நாள் தள்ளறதுல அப்பாவுக்கு ஆபத்து இல்ல, மாசக்கணக்குல தள்ளாதீங்க. ஒருவேளை எலும்பு வலி அதிகமா இருந்தாலோ, கால் மரத்துப் போனாலோ, ஒன்னுக்கு போக முடியாம அடைச்சாலோ ஸ்கேனுக்காக காத்திருக்க வேண்டாம், அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போங்க. ரிப்போர்ட் வந்ததும் கிரியாட்டினினும் சேத்து எழுதி அனுப்புங்க, பாக்கறேன்.