கபாலியைப் பார்த்தேனா, போனைப் பார்த்தேனா?

கேள்வி: மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் பங்குனித் திருவிழாவில், நாயன்மார்கள் அறுபத்து மூவரும் கபாலியோடு வீதியுலா வரும் அறுபத்து மூவர் அன்று வடக்கு மாட வீதியில் மூன்று மணி நேரம் நின்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் போனில் 214 படம், 11 வீடியோ. 'கபாலிக்கு என்ன நிறத்தில் பட்டு சாத்தியிருந்தார்கள்?' என்று அம்மா கேட்டார், பதில் சொல்ல போனைத்தான் திறக்க வேண்டியிருந்தது. இனி போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகட்டுமா?
- வாசகர், மந்தைவெளி

பதில்: வேண்டாம், போன் இல்லாமல் அந்தக் கூட்டத்தில் உங்களைத் தேடிப் பிடிப்பது யார்?

நானும் உங்கள் கட்சியில் இருந்தவன்தான். ஒரு வருஷம் சாமி நேர் எதிரே வந்து நின்ற நேரம் பார்த்து 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று வர, நான் குனிந்து பழைய வீடியோக்களை அழித்து முடித்து நிமிர்ந்தால் சாமி வந்த விமானத்தின் முதுகுதான் தெரிந்தது. பக்கத்தில் நீர்மோர் டம்ளரோடு நின்ற பாட்டி மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அமெரிக்காவில் லிண்டா ஹென்கெல் என்ற உளவியல் பேராசிரியர் மாணவர்களை ஒரு மியூசியத்துக்குக் கூட்டிப்போய், சில பொருட்களைப் படம் எடுங்கள், சிலவற்றைச் சும்மா பாருங்கள் என்றார். மறுநாள் கேட்டால், படம் எடுத்த பொருட்கள்தான் குறைவாக நினைவில் இருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனசு கையைக் கழுவிவிடுகிறது போல. 2014-ல் வெளியான இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது இன்னொன்று: பொருளின் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு அந்த மறதி வரவில்லை. எதை எடுப்பது என்று தேட, முதலில் உற்றுப் பார்க்க வேண்டுமே!

அதனால் அடுத்த வருஷம் முதல் பத்து நிமிஷம் போன் பையிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு பல்லக்காகப் பாருங்கள், தோளில் துண்டை மடித்து வைத்துத் தூக்குகிறவர்களையும் பாருங்கள், அப்புறம் பிடித்த ஒன்றை மட்டும், ஒரு நாயன்மாரின் கூப்பிய கையையோ மாலையையோ, எடுங்கள். ஃபிலிம் ரோலில் 36 படம்தான் என்றிருந்த காலத்தில் அப்பா திருவிழாவுக்கே இரண்டு படம்தான் ஒதுக்குவார். கஞ்சத்தனம் என்று நினைத்தேன்.

வீடியோ? விடுங்கள். தலைக்கு மேல் தூக்கிய கை பின்னால் நிற்கிற குழந்தைக்குச் சாமியை மறைக்கும்.

அந்த 214-ஐ இந்த ஞாயிறு அம்மாவோடு உட்கார்ந்து பார்த்து, பத்தை வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடுங்கள். பாதியில் முன்னால் நின்றவரின் போன்தான் இருக்கும், பந்தயம்!