நகராட்சி வேலைக்கு டெண்டர் எதற்கு? தெரிந்தவரிடம் கொடுத்தால் ஆகாதா?

டெண்டர் என்றால், இன்ன வேலை என்று எழுதி அறிவித்து, பலரிடம் மூடிய உறையில் விலை கேட்பது. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 பேருக்குப் பிரியாணி, இத்தனை கிலோ ஆட்டுக்கறி என்று சொல்லி மூன்று சமையல்காரர்களிடம் விலை கேட்போம். ஒருவர் விலை மற்றவருக்குத் தெரிந்தால் அதைவிடப் பத்து ராண்டு குறைத்துச் சொல்வார், அவ்வளவுதான். அதனால்தான் உறை. நகராட்சிகளில் அந்த உறைகளைப் பொதுமக்கள் முன்னால்தான் பிரிக்கவேண்டும். நீங்களும் போய் உட்காரலாம்.

காரணம் எளிது: அது நாம் நகராட்சிக்குக் கட்டும் ரேட்ஸ் (சொத்துவரி) பணம். கொள்முதல் நியாயமாக, வெளிப்படையாக, போட்டியோடு நடக்கவேண்டும் என்று தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 217ஆம் பிரிவே சொல்கிறது.

பணம் கசிவது பெரும்பாலும் அப்புறம்தான், வேலை கிடைத்தபின் தொகையை ஏற்றும்போது. 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதிச் சட்டப்படி, ஒப்பந்தத்தை மாற்றுமுன் காரணத்தை நகராட்சி மன்றத்தில் வைக்கவேண்டும், அறிவிப்புக் கொடுத்து ஊர்மக்களிடமும் கருத்துக் கேட்கவேண்டும். அந்த அறிவிப்பைத் தயவுசெய்து படியுங்கள்.

‘கவுன்சிலர்தான் காண்ட்ராக்ட் கொடுக்கிறார்’ என்பது தவறு. அதே சட்டத்தின் 117ஆம் பிரிவுப்படி டெண்டர் குழுவில் அவர் பார்வையாளராகக்கூட உட்காரக் கூடாது.