கிராமத்தில் இருக்கும் என் தங்கைக்குக் குழந்தை இறந்தே பிறந்தது; தொலைவிலிருந்து நான் என்ன செய்யலாம்?

எட்டாம் மாதத்தில் குழந்தையை இழந்த உங்கள் தங்கை தொலைபேசியில் யாரிடமும் பேசுவதில்லை என்றும், மனநல ஆலோசகரிடம் போகச் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சொல்லலாம், ஆனால் அதற்கும் முன்னால், பால் கட்டியிருக்கிறதா என்று கேளுங்கள்.

34ஆம் வாரத்தில் என் மகள் அசைவற்றுப் போனாள். பிரசவமான மறுநாளே வீட்டுக்கு அனுப்பப்பட்ட என்னிடம், குழந்தை இல்லாவிட்டாலும் நஞ்சுக்கொடி வெளியேறிய இரண்டு மூன்று நாட்களில் பால் சுரக்கும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இரவு நனைந்த துணியோடு விழித்தபோது, என் உடம்புக்கு மட்டும் இன்னும் செய்தி எட்டவில்லை என்று தோன்றியது. முழுவதும் பீய்ச்சினால் மேலும் சுரக்கும், வலி தணியும் அளவுக்கு மட்டும் எடுத்துவிட்டு ஈரத்துணியால் குளிர்ச்சி கொடுக்க வேண்டும், மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதெல்லாம் எனக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது. சுரப்பை நிறுத்த மாத்திரைகளும் உண்டு. அவற்றை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

கர்ப்ப காலம் முழுவதும் வீடு தேடி வந்த சுகாதாரப் பணியாளர் அதன்பின் வரவில்லை. சில மாதங்கள் கழித்து அவரிடமே கேட்டுவிட்டேன். எடை, தடுப்பூசி, தாய்ப்பால் என்று தம் பதிவேட்டில் இருப்பவை எல்லாம் குழந்தைக்கான கட்டங்கள் என்றும், எனக்காக எதை எழுதுவது என்று தெரியாமல் ஒதுங்கிப் போனதாகவும் சொன்னார். அவரைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை; வந்து என்ன பேசுவதென்று அவருக்கும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 19 லட்சம் குழந்தைகள் 28 வாரங்களைக் கடந்தபின் இறந்தே பிறக்கும்போது, அந்தத் தாய்மாருக்கு ஒரு கட்டம்கூட ஒதுக்கப்படவில்லை என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

ஆலோசகரைப் பார்க்க நானும் ஒருமுறை போனேன். இரண்டு மணி நேரப் பயணத்துக்குப் பின் நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கு நடுவே காத்திருக்க நேர்ந்ததால், முறை வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். உங்கள் தங்கையை அனுப்புவதானால், எங்கே உட்காரவைப்பார்கள் என்று முன்கூட்டியே விசாரியுங்கள்; தொலைபேசியிலேயே பேச முடியுமா என்றும் கேளுங்கள். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்பதுபோல் அவர் எதையாவது சொன்னால், இவற்றுக்கெல்லாம் காத்திருக்காமல் அன்றே யாரையாவது துணைக்கு இருக்கச் செய்து மருத்துவரிடம் அழைத்துப்போகச் சொல்லுங்கள்.

பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியில் தவறாமல் அழையுங்கள். ஊரார் மறந்துவிடும் நாள் அது. குழந்தையைப் பற்றிப் பேசினால் புண்ணைக் கிளறுவதாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. என் மகளின் முகம் யாரைப்போல் இருந்தது என்று என்னிடம் கேட்டவர் என் நாத்தனார் ஒருவர்தான். மூக்கு அப்படியே அத்தையுடையது என்று சொல்லிவிட்டு, அன்றுதான் நான் வாய்விட்டு அழுதேன்.