கம்பா, கிளவுஸா?

கேள்வி: நான்கு வருடமாகச் சிலம்பம் கற்கிறேன். பாக்ஸிங் பழகும் நண்பன், "கம்பு சுத்துறது திருவிழாவுக்குத்தான், சண்டைக்கு ஆகாது" என்றான். பதிலுக்கு நான் அவன் கோச்சை இழுத்துப் பேசிவிட்டேன். இப்போது பேச்சே இல்லை. யார் சொல்வது சரி?
- வாசகர், காட்பாடி

பதில்: கோச்சை இழுத்ததற்கு முதலில் போய் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். அதில் வாதத்துக்கு இடமில்லை.

நீங்கள் ஒரு தூரத்தை நினைத்துப் பேசினீர்கள், அவர் வேறொரு தூரத்தை. நெற்றி உயரக் கம்பும் சுற்ற இடமும் இருந்தால் பாக்ஸர் நெருங்குவதே சிரமம். ஒரு எட்டு உள்ளே வந்து கம்பைப் பிடித்துவிட்டாரானால் கதை தலைகீழ். தவிர, காட்பாடி ஸ்டேஷனுக்கு யாரும் ஐந்தரை அடிக் கம்போடு போவதில்லை. இதை நீங்களே முதலில் ஒப்புக்கொண்டால், அவரும் இறங்கி வர வழி பிறக்கும்.

"சிலம்பம் சண்டைக்கு ஆகுமா?" என்று விடிய விடியப் பேசலாம். "ஆறடி தள்ளி நிற்பவர் உள்ளே நுழைவதைக் கம்பு தடுக்குமா?" என்று கேளுங்கள், வெயில் ஏறுமுன் கோட்டை மைதானத்தில் அரை மணியில் தெரிந்துவிடும். கீறல் விட்ட மூங்கில் வேண்டாம், சிலாம்பு கண்ணில் தெறிக்கும். லேசான பிரம்பு எடுத்து, இரு முனையிலும் ஒரு சாணுக்கு ஸ்பாஞ்ச் சுற்றி டேப் ஒட்டி, கரித்தூள் தடவுங்கள். அவருக்கு 16 அவுன்ஸ் கிளவுஸ், கம்பு பட்ட இடம் கரியாய்த் தெரிய வெள்ளை பனியன். இருவருக்கும் பல் கவசம். கிரிக்கெட் ஹெல்மெட்டை நம்பாதீர்கள். குத்தும்போது முனை கம்பி இடுக்கில் நுழையலாம். கழுத்துக்கு மேல் இருவருமே அடிக்கக் கூடாது. பத்து முறை அவர் நுழையட்டும், மூன்றாம் ஆள் எண்ணட்டும். பிறகு கம்பை அவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் நுழையுங்கள்.

கெடுவது பெரும்பாலும் வேகத்தில்தான். மெதுவாகச் செய்வோம் என்று ஆரம்பிப்பார்கள்; தாக்குபவர் அரை வேகத்தில் வருவார், தடுப்பவர் தன்னையறியாமல் முழு வேகத்துக்குப் போய்விடுவார். அப்போது எல்லாத் தடுப்பும் பலிக்கும்! குத்திய கையை இழுக்காமல் நீட்டியபடி நிற்பதும் இதே ரகம். இதற்கு மாறாக, 1882இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, ஆபத்தான அடிகளைச் சுதந்திரப் பயிற்சியிலிருந்து (முன்கூட்டிப் பேசி வைக்காமல் இருவரும் மோதிப் பழகுவது) விலக்கியதால்தான் மாணவர்கள் மிச்சத்தை முழு பலத்தோடு, எதிர்க்கும் ஆளிடமே பழக முடிந்தது.

பத்தில் ஏழு முறை நண்பர் நுழைந்துவிட்டால், "நிஜச் சண்டையா இருந்தா விட்டிருக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் காலை முதலில் வைத்தாய் என்று கேளுங்கள். அந்தக் காலடியை உங்கள் வாத்தியாரிடம் செய்து காட்டி, இதற்கு என்ன தடுப்பு என்று கேட்டுக்கொண்டு, அடுத்த ஞாயிறு மறுபடி போங்கள்.