பதில்: நான்கு மாதம் பறக்காமல் இருக்கும்போது காண்டோர் உதவுமா?

நான்கு மாதம் கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) பக்கமே போக முடியாது, அதுவரை கணினியில் கிளைடர் ஓட்டிப் பழகும் காண்டோர் சிமுலேட்டர் கைகொடுக்குமா, அதில் இறங்கும்போதெல்லாம் ஓடுபாதையைத் தாண்டிவிடுகிறேனே என்று கேட்டிருக்கிறீர்கள். கைகொடுக்கும், ஆனால் பாதிதான்.

முதலில் அந்தத் தாண்டல். ஏர்பிரேக்கை, அதாவது கிளைடரைச் சீக்கிரம் கீழே இறக்க இறக்கையில் எழும்பும் தகடுகளை, விசைப்பலகையில் இயக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில்தான் சந்தேகம். ஜாய்ஸ்டிக்கில் உள்ள ஸ்லைடருக்கு அதை மாற்றுங்கள். ஓடுபாதையை நோக்கி வரும் கடைசி நேர்கோட்டில் பிரேக் பாதி திறந்தபடி வந்தால்தான் கூட்டவும் குறைக்கவும் இடம் இருக்கும். அப்புறம், திரையில் உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் இருக்கும் இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிடுங்கள். வேகத்தை மாற்றாமல், இறங்க நினைக்கும் புள்ளியையே பாருங்கள். அது கண்ணாடியில் மேலே ஏறினால் உயரம் போதாது, கீழே நழுவினால் அதிகம்.

ஜாய்ஸ்டிக்கைத் திருகி ரடர் (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகை, நிஜத்தில் கால் பெடலால் இயங்குவது) கொடுப்பவர் என்றால் கால் எல்லாவற்றையும் மறந்துவிடும். பெடல் இருந்தால், விதானத்து நூல் (கண்ணாடிக்கு வெளியே ஒட்டிய, கிளைடர் பக்கவாட்டில் சறுக்குவதைக் காட்டும் நூல்) நேராக நிற்கும்படி திருப்பிப் பழகுங்கள்.

எனக்குப் பிடித்த பயிற்சி வேறு: இழுவை விமானம் கயிற்றால் மேலே இழுத்துச் செல்லும்போது 200 அடியில் நீங்களே கயிற்றை விடுங்கள். முதலில் மூக்கைத் தாழ்த்துங்கள், வேகத்தைப் பாருங்கள், அப்புறம்தான் எங்கே இறங்குவது என்ற முடிவு. அந்த வரிசை தலையில் பதிய சிமுலேட்டர் அருமையான இடம்.

தரையை நெருங்கும்போது இருக்கையில் உணரும் அந்த அமிழ்தல் மட்டும் திரையில் வராது. திரும்பிப் போனதும் பயிற்றுநரோடு இரண்டு மூன்று முறை பறந்துவிடுங்கள்.