மூச்சை அடக்கும்போது மூளைக்குள் யார் மணி அடிக்கிறார்கள்?

கேள்வி: மூச்சை அடக்கினால் கொஞ்ச நேரத்தில் தாங்க முடியாமல் போகிறதே, அதை மூளையில் எது கவனிக்கிறது? நியூரான்கள் என்கிற நரம்பு செல்கள்தானா?

சின்ன வயதில் எங்கள் ஊர்க் கிணற்றில், யார் அதிக நேரம் முங்கிக் கிடப்பது என்று பந்தயம் வைப்போம். முங்குவதற்கு முன் பத்துப் பதினைந்து தடவை புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கினால் இன்னும் நேரம் தாங்கலாம் என்று பெரியப்பா மகன், அதாவது எங்கள் அண்ணன், கண்டுபிடித்து வைத்திருந்தான். வேலையும் செய்தது. காற்றைச் சேமிக்கிறோம் என்று நினைத்தோம். கல்லூரியில் உடலியங்கியல் படித்தபோதுதான் தெரிந்தது, நாங்கள் அத்தனை பேரும் ரத்தத்தில் இருந்த கரியமில வாயுவைக் கழித்துக் கட்டிக்கொண்டிருந்தோம் என்று.

‘இனி முடியாது’ என்று நெஞ்சு தவிப்பதற்கு முக்கியக் காரணம் கரியமில வாயு ஏறுவதுதான். அது ஏறினால் ரத்தத்தின் அமிலத்தன்மையும் ஏறும். அதை மோப்பம் பிடிக்கும் இடம், மூளை தண்டுவடத்தோடு சேரும் பகுதியான முகுளத்தின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. ஆக்சிஜன் குறைவதைப் பிரதானமாகக் கவனிப்பது கழுத்துத் தமனியில் இருக்கும் ஒரு குட்டி உறுப்பு. அது தனிக் கதை.

சரி, முகுளத்தில் மோப்பம் பிடிப்பது யார்? நியூரான்கள் என்றுதான் நான் படித்தேன். கூடவே இருக்கும் கிளியா செல்களைப் பற்றிப் பாடத்தில் ஒரு பத்திதான் இருந்தது. பெயரே கிரேக்க மொழியில் ‘பசை’. 1850களில் விர்ஷோ என்ற ஜெர்மன் மருத்துவர் வைத்தது. நியூரான்களை ஒட்டிப் பிடித்து வைப்பதுதான் அவற்றின் வேலை என்று நினைத்திருக்கிறார்கள்.

2010இல் லண்டனில் கூரின், பிரிஸ்டலில் காஸ்பரோவ் இருவரின் குழுக்களும் சேர்ந்து ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டன. கிளியா செல்களில் ஒரு வகை ஆஸ்ட்ரோசைட். நட்சத்திரம் மாதிரி கைகளை நீட்டி, ஒரு கையால் ரத்தக் குழாயையும் இன்னொரு கையால் நியூரானையும் தொட்டுக்கொண்டிருக்கும். உளவு பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. எலி மூளையில் அந்தப் பகுதியின் பிஎச் 7.4இலிருந்து 7.2க்கு இறங்கியதும் (பிஎச் இறங்கினால் அமிலத்தன்மை ஏறுகிறது என்று அர்த்தம்), இந்த ஆஸ்ட்ரோசைட்டுகளுக்குள் கால்சியம் பொங்கியது. உடனே ஏடிபியை வெளியே விட்டன. பள்ளியில் ‘செல்லின் எரிபொருள்’ என்று படித்தோமே, அதேதான். இங்கே அது தகவல் சொல்லும் தூதுவன். பக்கத்து நியூரான்கள் அதை வாங்கிக்கொண்டு மூச்சை வேகப்படுத்தின.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த சோதனை. ஒளி பட்டால் தூண்டப்படும் ஒரு புரதத்தை ஆஸ்ட்ரோசைட்டுகளில் மட்டும் உருவாகச் செய்தார்கள். மயக்கத்தில் இருந்த எலிக்கு வென்டிலேட்டர் மூலம் அளவுக்கு மீறிக் காற்றோட்டம் கொடுத்து, கரியமில வாயுவைக் குறைத்து, மூச்சுக்கான நரம்புத் துடிப்பே நின்றுபோகும்படி செய்தார்கள். எங்கள் கிணற்றடி வித்தையேதான், இன்னும் கடுமையாக! அந்த நிலையில் முகுளத்தின் மேல் நீல ஒளியைப் பாய்ச்சியதும் துடிப்பு மறுபடி எழுந்தது. ஏடிபியை நியூரான்கள் உணர முடியாதபடி மருந்து கொடுத்தபோது ஒளியின் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது.

இதோடு வழக்கு முடிந்துவிடவில்லை. அதே பகுதி நியூரான்களே அமிலத்தை நேரடியாக உணர்கின்றன என்பதற்கும் வலுவான சான்றுகள் உண்டு. அதற்கான இரண்டு புரதங்களையும் 2015இல் எலிகளில் காட்டினார்கள். யாருக்கு எவ்வளவு பங்கு என்று இன்னும் சண்டை நடக்கிறது. இரண்டுமே மோப்பம் பிடிக்கின்றன என்பதுதான் என் கட்சி.

அண்ணன் கதையை முடிக்கவில்லையே. ஒரு நாள் அவன் நிறையவே புஸ்புஸ்ஸென்று ஊதிவிட்டு முங்கினான். கரியமில வாயு ஏறி மணி அடிப்பதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பிவிட்டது. மாமா குதித்துத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தார். படிக்கட்டில் கிடத்தி, கண் முழித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: “எத்தனை வரைக்கும்டா எண்ணினீங்க?”