லண்டன் நாடக டிக்கெட்: ஏஜெண்டிடம் பணம் கட்டும் முன்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி கேட்கிறார்: மகளின் பட்டமளிப்புக்கு ஜூலையில் லண்டன் போகிறோம். அங்கே நாடக அரங்குகள் நிறைந்த வெஸ்ட் எண்ட் பகுதியில் ஒரு பழைய நாடகத்தைச் சினிமா நடிகரை வைத்து மறுபடியும் மேடையேற்றுகிறார்களாம். இங்குள்ள டிராவல் ஏஜெண்ட், நான்கு டிக்கெட்தான் மிச்சம், இன்றே முழுப்பணமும் கட்டுங்கள் என்கிறார். கட்டலாமா? அம்மாவுக்கு முட்டிவலி வேறு.

கட்டாதீர்கள். முதலில் அவரிடம் எந்தத் தேதி, எந்த வரிசை, எந்த இருக்கை எண் என்று கேளுங்கள். மழுப்பினால் அவர் கையில் டிக்கெட்டே இல்லை, உங்கள் பணத்தை வாங்கிய பிறகுதான் தேடப்போகிறார். அரங்கின் சொந்த இணையத்தளத்தில் காலி இருக்கைகள் படத்தோடு தெரியும், அஞ்சு நிமிஷ வேலை. ஆனால் கூகளில் நாடகத்தின் பெயரைத் தட்டினால் மேலே வருவது பெரும்பாலும் விளம்பரம், அரங்கின் தளம் மாதிரியே வேஷம் போட்டு ஒன்றுக்கு இரண்டாக விலை வைக்கும் மறுவிற்பனைக்காரர்களும் அதில் இருப்பார்கள். இதைத் தடுக்க யாருக்கும் அவசரமில்லை போலிருக்கிறது. லண்டன் அரங்குகளின் சங்கமே நடத்தும் 'அஃபிஷியல் லண்டன் தியேட்டர்' தளத்துக்குப் போய் அங்கிருந்து சொடுக்குங்கள்.

லண்டன் போனபின் லெஸ்டர் சதுக்கத்தில் மலிவாக வாங்கிக்கொள்ளலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அங்கே தள்ளுபடி டிக்கெட் விற்கும் டிகேடிஎஸ் சாவடி நல்ல இடம்தான், ஆனால் சதுக்கத்துப் பூங்கா ஓரமாகத் தனியாக நிற்கும் அந்தக் கட்டடம் மட்டும்தான் அது. சுற்றியுள்ள கடைகளில் 'பாதி விலை' என்று போர்டு வைத்திருப்பவர்கள் வேறு ஆட்கள். 1952-இல் தொடங்கி இன்னும் ஓடும் 'தி மவுஸ்ட்ராப்' நாடகம் போன்றவற்றுக்கு அன்றைக்குப் போய்க்கூட வாங்கலாம். உங்கள் நாடகம் அப்படியில்லை. சினிமா நடிகருக்கு அடுத்த படப்பிடிப்பு காத்திருக்கும், அதனால் இந்த மாதிரி மறு மேடையேற்றம் சில வாரங்களே ஓடும், நல்ல இருக்கைகள் விற்பனை திறந்ததுமே போய்விடும், தள்ளுபடிச் சாவடிப் பக்கமே வராது. கேட்கிறவர்கள் கூடக் கூட விலையும் ஏறும். ஆகவே இதற்கு மட்டும் காத்திருக்காதீர்கள், இப்போதே வாங்குங்கள், ஏஜெண்டிடம் அல்ல. தேதிக்குப் பக்கத்தில் 'பிரிவியூ' என்றிருந்தால் பயப்பட வேண்டாம். விமர்சகர்கள் வருவதற்கு முந்தைய நாள்கள் அவை, விலை கொஞ்சம் குறைவாகவும் இருக்கலாம்.

நடிகருக்கு உடம்பு சரியில்லாமல் மாற்று நடிகர் வந்தால் பணம் திரும்பக் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். போஸ்டர் முழுக்க அவர் முகத்தைப் போட்டு விற்றுவிட்டு, அவர் வருவதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் போடுவது என்ன நியாயமோ!

அம்மா விஷயம். அந்த அரங்குகளில் பலவும் நூறு வருஷம் தாண்டியவை, லிஃப்ட் அபூர்வம். 'அப்பர் சர்க்கிள்' என்னும் மேல்மாடி இருக்கை மலிவு என்று வாங்கினால் செங்குத்தான படிகள், முட்டியை மடக்கி வைக்கவும் இடமிருக்காது. தரைத்தளம் என்று நாம் நினைக்கும் 'ஸ்டால்ஸ்' பல இடங்களில் தெருவுக்குக் கீழே இருக்கும், அதற்கு மேலுள்ள முதல் மாடமான 'டிரெஸ் சர்க்கிள்'தான் நுழைவாயிலின் மட்டத்தில். வாங்கும் முன் எத்தனை படி என்று அரங்குக்கு எழுதிக் கேளுங்கள், பதில் சொல்வார்கள். 'ரெஸ்ட்ரிக்டட் வியூ' என்றிருந்தால் தூண் மாதிரி ஏதாவது மேடையை மறைக்கும், விட்டுவிடுங்கள்.

வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டு அட்டையைப் போடுங்கள். ரிங்கிட்டா பவுண்டா என்று கேட்டால் பவுண்ட். ரிங்கிட் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தில் இன்னொரு வெட்டு விழும்.

அப்புறம், போய் இறங்கிய மறுநாளே மாலைக் காட்சி வேண்டாம். ஜூலையில் அங்கே இரவு 7.30 என்றால் அம்மாவின் உடம்புக்கு நம்மூர் விடியற்காலை 2.30. வாரத்தில் ஓரிரு நாள் மதியக் காட்சி இருக்கும், அதைப் பாருங்கள்.